ஒடுக்கு இல்லாத நாய்

பட்டறையில் மாமாவுக்கு ‘டொக்கு’ என்று பெயர். நசுங்கிய கார்களை நிமிர்த்துகிற டிங்கரிங் வேலை. உள்ளங்கையால் தகட்டைத் தடவியே ஒடுக்கு எங்கே என்று சொல்லிவிடுவார். அவர் கை வைத்த இடம் எதுவென்று வண்டிக்காரருக்கே தெரியாது. அதுதான் அவருக்குப் பெருமை.

அவருடைய அக்கா, என் அம்மா, பார்வை போனபின் அதிகம் பேசுவது தான் வளர்த்துச் செத்துப்போன நாயைப் பற்றித்தான். ஒருநாள் மாமா வண்டியைப் பின்னால் எடுத்தபோது சக்கரம் இடித்து, அதன் இடது தொடைக்கு மேலே பள்ளம் விழுந்துவிட்டது. பிறகும் நாய் பல வருடம் உயிரோடு இருந்தது. அந்தப் பள்ளத்தில் கை வைத்தபடிதான் அம்மா உட்கார்ந்திருப்பாள். மாமாவை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்பார் மாமா.

தொட்டாவது அக்கா அதை மறுபடி பார்க்கட்டும் என்று தகட்டில் நாய் செய்ய உட்கார்ந்தார். மணல் மூட்டைமேல் தகட்டை வைத்துத் தட்டித் தட்டிக் குழித்து, இடப்பாதி ஒன்று, வலப்பாதி ஒன்று. பள்ளத்தைத்தான் முதலில் போட்டார். இரண்டையும் சேர்க்குமுன் வழவழப்புப் பார்க்க ஒருமுறை தடவியிருக்கிறார். கை பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. மனசு வேறெங்கோ. உட்புறமிருந்து நாலு தட்டு. பள்ளம் போன இடம் தெரியவில்லை. முதுகிலும் வயிற்றிலும் வெல்டிங் வைத்து மூடிவிட்டார்.

அம்மா முதலில் காதைத் தடவினாள். “அதே மடிஞ்ச காது! எப்படிடா பண்ணின, கழுதை?” கை முதுகு வழியாக இடுப்புக்கு வந்து நின்றது. திரும்பத் தேடியது.

“அந்தக் குழி எங்கடா?”

மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று. “போட்டேன்க்கா. சத்தியமா போட்டேன். கைப்பழக்கம்... எடுத்துட்டேன் போல.”

“சரி விடு. உனக்கு அது வேண்டாம்னு இருந்திருக்கும்.”

“ஐயோ, அப்படி இல்லக்கா!”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“இரு, வெளியிலேர்ந்து ஒரே தட்டு. வந்துடும்.” பையைத் துழாவிச் சுத்தியலை எடுத்தார். சத்தம் கேட்டு அம்மா நாயின்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

“வேண்டாம்டா. இன்னொரு தடவை அடிக்காத.”

நாய் இப்போது அவள் கட்டிலருகே நிற்கிறது. தலையை மட்டும் தடவுகிறாள். மாமா வந்தால் எதிரே உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தி, “கைப்பழக்கம்தானே? வேறொண்ணும் இல்லையே?” என்று கேட்கிறார்.

“ஆமாம் மாமா” என்கிறேன். நம்பாமல் போகிறார்.