ஒரு சாண் தூரத்துக்கு ஓதிய பயண துஆ

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரிகளே. பேகம்பூரில் தோல் கிடங்கு வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன வருடம் மூளையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். மறுபடியும் முளைத்தது. பெற்ற மகளின் பெயரே அவருக்கு மறந்துபோனது. நான் உடைந்துபோனேன்.

சென்னையில் ஓர் ஆராய்ச்சி சிகிச்சையில் சேர்த்தோம். அவருடைய ரத்தத்திலிருந்தே காவல் அணுக்களை உண்டாக்கி, அவற்றுக்குக் கட்டியை அடையாளம் காட்டி, தொடையில் ஊசியாகப் போட்டார்கள். அவை இடுப்பு மடிப்பில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குப் போய்த் தகவல் சொன்னால்தான் உடம்பு சண்டைக்குக் கிளம்புமாம். ஸ்கேனில் பார்த்தால், பெரும்பாலானவை போட்ட இடத்திலேயே கிடந்தன. ஒரு சாண் தூரம்! அதைக்கூடக் கடத்திவிடக் கூடாதா என்று அல்லாஹ்விடம் கோபித்துக்கொண்டேன்.

அடுத்த முறை டாக்டரம்மா புது வழி சொன்னார். முதலில் அதே இடத்தில் டிடி ஊசி போட்டு உடம்பை உசுப்பிவிட்டு, மறுநாள் அணுக்களைப் போடுவார்களாம். கிடங்கில் கத்தி பட்டால் போடுவோமே, அதே ஊசி. "இதுக்கா மெட்ராஸ் வரைக்கும் வந்தோம்?" என்று என் நாத்தனார் முணுமுணுத்தார்.

எங்கள் வீட்டில் யார் பஸ் ஏறினாலும் பயண துஆ ஓதி, அல்லாஹ்விடம் அமானிதமாக ஒப்படைத்துத்தான் அனுப்புவோம். அணுக்கள் உள்ளே இறங்கியதும் அவர் தொடைமேல் கை வைத்து அதே துஆவை ஓதினேன். நர்ஸ் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஊர் திரும்பிய பிறகு அவருக்கு இடுப்பு மடிப்பில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. "ஏம்மா, நெறி கட்டிருக்கு. சுண்ணாம்பத் தடவி இப்பவே அமுக்கிவிடுறேன்" என்று நாத்தனார் கிண்ணத்தோடு வந்துவிட்டார். கிடங்கில் காலில் வெட்டுப்பட்டு நெறி கட்டினால் அதுதான் வைத்தியம். எனக்கோ, நோய் கீழேயும் இறங்கிவிட்டதோ என்று பயம். டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன்.

"ஒண்ணும் தடவாதீங்க. கூட்டிட்டு வாங்க."

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவை நிறைய அணு அங்க வந்து சேர்ந்திருக்கும்மா. நெறி கட்டுனது அதனாலதான்." ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சஜ்தாவில் விழுந்தேன்.

நோய் போய்விடவில்லை. எங்களோடு சிகிச்சைக்கு வந்த இருவர் மவுத்தாகிவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் துஆ செய்தார்கள்தான். இவருடைய கட்டி இப்போதைக்கு வளராமல் நிற்கிறது. நான் இப்போது அல்லாஹ்விடம் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. இன்றைக்கு ஒரு சாண், நாளைக்கு ஒரு சாண். நீங்களும் அப்படிக் கேளுங்கள், சகோதரிகளே. அவன் கேட்கிறான்.

போன வாரம் மகள் கல்லூரிக்குக் கிளம்பினாள். "ஃபாத்திமா, செத்த நில்லும்மா" என்றார் அவர். அவள் தலையில் கை வைத்து, பயண துஆவை அவரே ஓதி முடித்தார். அல்ஹம்துலில்லாஹ்.