ஓடைத் தண்ணீரில் வந்த சத்து

அறுபதுகளின் கடைசியில், அஞ்செட்டிக்கு மேலே கரி சுடுவதற்காகக் காட்டை மொட்டையடித்தார்கள். அடுத்த வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் வந்தார். ஓடைத் தண்ணீரில் உள்ள தாது உப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒட்டடைக்குச்சி உடம்பு, ஓயாத இருமல். புட்டியை ஓடைத் தண்ணீராலேயே திரும்பத் திரும்ப அலசிய பிறகுதான் அதில் தண்ணீர் பிடிப்பார். மழைநீரையும், பாறைக் கசிவையும், வெட்டாத காட்டின் ஓடையையும் அப்படியே பிடித்துச் சோதித்தார்.

கிளம்பும் நாளில், அந்த ஓடை பாயும் வயலை ஒட்டிய எங்கள் வீட்டில் களி சாப்பிட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்: "காட்டை வெட்டினதுல இருந்து தண்ணி நல்ல சத்தா வருதுங்க சார். ராகி இப்படி வெளஞ்சதே இல்லீங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "சத்துதாங்க. ஆனா மழையில அவ்வளவு இல்ல, பாறையிலயும் இல்ல, வெட்டாத காட்டு ஓடையிலயும் இல்ல. மரம் போனதால மலை மண்ணுல இருந்ததெல்லாம் கரைஞ்சு வருது. அது தீர்ந்துட்டா உங்களுக்கும் வராது."

"தடுக்க முடியாதுங்களா?" என்றாள் என் மனைவி.

"மரம் வளரணும்மா. அதுவரைக்கும் மண்ணு தாங்காது."

பஸ் ஏறும் முன் எங்கள் இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

சில மழைக்காலங்கள் போனபின் ஓடை வெறும் மணலைக் கொண்டுவந்து வயலில் கொட்டியது. நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டு ஓசூருக்குக் கல் உடைக்கப் போனோம்.

காட்டை வெட்டியவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீரைச் சோதிக்க வந்தவர் ஏன் மன்னிப்புக் கேட்பவர்போல நின்றார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.