சாரலில் வெளுத்த பஸ்

ஜூலை இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. பஸ், கப்பல், விமானம் என்று சின்ன மாடல்கள் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜான்சி ஒரு படமும் ஒரு வரியும் போட்டிருந்தாள். “இனிமே செய்யப் போறதில்ல. கத்தி, ஷீட்டு, பெயின்ட் யாருக்கு வேணும்?” படத்தில் இருந்தது அவள் ஐந்து மாதமாகச் செய்த பஸ். ஆலங்குளத்திலிருந்து தென்காசிக்கு அவள் கல்லூரி போய்வந்த பஸ்ஸின் ஒன்றரை அடி நீள மாதிரி. அதன் மேல் பூசணம் பிடித்ததுபோல் வெள்ளை படர்ந்திருந்தது. ஞாயிறன்று குற்றாலத்தில் எங்கள் சந்திப்பு. போவதா வேண்டாமா என்றிருந்த நான் உடனே பையைக் கட்டினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதே படத்தை அவள் ஒரு பெரிய ஆங்கிலப் பக்கத்திலும் போட்டிருந்தாள். கீழே வரிசையாகக் கிண்டல். பள்ளிக்கூட புராஜெக்டா என்று ஒருவர். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டுவதெல்லாம் மாடலா, ஒழுங்கான கிட் வாங்கு என்று இன்னொருவர். அவர் சொல்கிற, பாகங்கள் தயாராகப் பெட்டியில் வரும் வெளிநாட்டு கிட், சுங்கவரியோடு சேர்த்தால், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஜான்சிக்குப் பாதி மாதச் சம்பளம். அவள் செய்வது விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சும் துண்டுகளில். அதெல்லாம்கூடப் போகட்டும். ஏன் வெளுத்தது என்று ஒருத்தராவது சொன்னாரா? அங்கே பாதிப் பேருக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்துவிட்டுப் போனார்கள்.

நான் பிளாஸ்டிக் கிட்டில் விமானங்கள் செய்கிறேன். கடைக்குப் போனால் “பையனுக்காம்மா?” என்பார்கள். எனக்கு வயது இருபத்தாறு, பையனும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஆகவே இந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஐந்தரைக்கு பஸ். ராஜபாளையம் வழி, நூற்றைம்பத்தைந்து ரூபாய், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கடையநல்லூர் தாண்டியதும் ஜன்னல் கம்பி ஈரமானது. தென்காசியிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் லாட்ஜ்காரர்கள் விடமாட்டார்கள். மற்ற மாதங்களில் அறுநூறு ரூபாய்க்குக் கொடுக்கும் அறைக்கு சீசனில் ஆயிரத்து எண்ணூறு. அருவி இலவசம், அதைப் பார்க்கத் தங்குகிற இடத்துக்குத்தான் கொள்ளை.

எங்கள் சந்திப்புக்கு ஒரு விதி: கெட்டுப்போன மாடலைத்தான் கொண்டுவர வேண்டும். நன்றாக வந்ததைக் கொண்டுவந்தால் எல்லார் டீக்கும் அவரே காசு கொடுக்க வேண்டும். மழைக்கும் கூட்டத்துக்கும் பயந்து மற்றவர்கள் வராததால் டீக்கடை பெஞ்சில் மூன்றே பேர். செங்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முத்துக்குமார் அண்ணாச்சி பாய்மரம் ஒடிந்த கப்பலோடு வந்திருந்தார். நான் போன ஐப்பசி மழையில் வெளுத்துப்போன விமானத்தைக் கொண்டுபோயிருந்தேன். ஜான்சி ஒரு கையில் பஸ்ஸும் மறு கையில் கருவிப் பையுமாக வந்தாள். வந்ததும் பையை அண்ணாச்சி பக்கம் தள்ளினாள்.

“நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்குக் கை வரல.”

“அத அப்புறம் பாப்போம். இத எங்கன வச்சு வார்னிஷ் அடிச்ச?”

“இங்கனதான். எங்க பழக்கடைக்குப் பின்னாடி, தார்ப்பாய்க்குக் கீழ.” சீசனில் அவள் வீட்டார் குற்றாலத்தில் பழக்கடை போடுவார்கள். சனி, ஞாயிறு அவளும் அங்கேதான்.

“ஏட்டி, சாரலுக்குள்ள நின்னா அடிச்ச?”

“ஒரு சொட்டு மேல படல அண்ணாச்சி.”

“சொட்டு எதுக்கு? காத்தே இங்கன தண்ணியால்லா இருக்கு! நான் முந்தாநாள் துவைச்ச துண்டு இன்னும் காயல.”

நான் விளக்கினேன். வார்னிஷ் உலரும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். அந்த ஈரம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. என் விமானம் வெளுத்தபோது சேலத்திலிருந்து முகம் தெரியாத ஒருவர் இதைச் சொன்னார். பெயின்டில் கலக்கும் தின்னரில் மெதுவாக உலரும் வகையை வறண்ட இடத்தில் பனிபோல் தெளித்தால் தெளியும் என்றும் சொன்னார். எனக்குத்தான் செய்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை; வாங்கிய தின்னர் பையிலேயே கிடந்தது.

ஜான்சி பஸ்ஸைத் திருப்பிப் பார்த்தாள். “அப்போ என் கை காரணமில்லியாக்கா?”

“இல்ல.”

“தின்னரு பெயின்டையும் சேத்துல்லா தின்னுரும்” என்றார் அண்ணாச்சி. நியாயமான பயம். அதனால் முதலில் என் விமானத்தில் சோதிப்பது என்று முடிவானது. வறண்ட இடம்? சாரல் எட்டாத ஆலங்குளத்தில் ஜான்சியின் வீடே ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது, சாவி அவளிடம்.

தென்காசி போய் பஸ் மாறினோம். “டவுன் பஸ்ல நான் ஒருத்தன்தான் துட்டு குடுத்தேன். இதுல நீங்க எடுங்க” என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கண்டக்டர் வந்தார், ஜான்சி மடியைப் பார்த்தார்.

“ஏ யம்மா, பஸ்ஸுக்குள்ள பஸ்ஸா? இதுக்கு லக்கேஜ் போடணும்லா!” குனிந்து பின்புறம் பார்த்தார். “ஏணியெல்லாம் வச்சிருக்கா பாரு. கடைசி சீட்டு கம்பி வளைஞ்சிருக்கே, அதக்கூட விடல. ஆமா, ஏன் வெளுத்துக் கெடக்கு?”

“சரி பண்ணத்தான் கொண்டு போறேண்ணே” என்றாள் ஜான்சி. அன்று அவள் முகம் முதலில் மலர்ந்தது அங்கேதான்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் சாலை காய்ந்திருந்தது. தென்காசியிலிருந்து ஆலங்குளம் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் வேறு ஊரின் வானம். காற்று மட்டும் மண்ணை அள்ளி வீசியது. அதனால் மாடிப்படித் திருப்பத்தில், கதவைப் பாதி சாத்தி, முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்தோம். என்னிடமிருந்த பேனா அளவு தெளிப்பானால் விமானத்தின் இறக்கையில் மெல்லத் தெளித்தேன். கண்ணெதிரே வெள்ளை கரைந்து அடியிலிருந்த பச்சை மேலே வந்தது. ஆசைப்பட்டு இன்னொரு தடவை தெளித்தேன். பெயின்ட் இளகி வழிந்தது.

“நான் சொன்னேன்லா” என்றார் அண்ணாச்சி.

“ஒரு தடவையோட நிறுத்தணும், அவ்வளவுதானே?” ஜான்சி என் கையிலிருந்து தெளிப்பானை வாங்கினாள். “என் பஸ்ஸு. நானே அடிக்கேன்.”

கூரை, பக்கவாட்டு, முன்முகம் என்று ஒவ்வொரு பகுதியாக, உலரவிட்டு உலரவிட்டு அடித்தாள். பின்கதவுப் பக்கம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை போகவில்லை. இன்னொரு தடவை அடிக்கலாமா என்று பார்த்தாள், தெளிப்பானைக் கீழே வைத்தாள். மீதி பஸ் பளபளத்தது.

“அண்ணாச்சி, அந்தப் பையத் தாங்க.”

“யாருக்கு வேணும்னு கேட்டியே, நான்லா கடையில வச்சு வித்துரலாம்னு பாத்தேன்!” என்று சிரித்தபடி நீட்டினார்.

இனி, போகிறவர்களுக்கு. சீசனில் குற்றாலம் போனால் தென்காசியில் தங்குங்கள், வாடகை பாதி. மாடலோடு போகிறீர்கள் என்றால் ஒட்டுங்கள், வெட்டுங்கள், வார்னிஷ் மூடியை மட்டும் திறக்காதீர்கள். தின்னர் வைத்தியத்தை முதலில் கெட்டுப்போன ஒன்றில் சோதியுங்கள். தின்னர் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். யாராவது கெட்டுப்போன படத்தைப் போட்டால், எந்த ஊர், என்ன வானிலை என்று முதலில் கேளுங்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் பேசாமல் இருங்கள்.

போன வாரம் அதே ஆங்கிலப் பக்கத்தில் யாரோ வெளுத்துப்போன கார் ஒன்றைப் போட்டிருந்தார். வழக்கம்போல் கீழே கிண்டல் தொடங்கியிருந்தது. அதற்கு நடுவே, மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளட்டும் என்று தமிழிலேயே, ஜான்சி எழுதியிருந்தாள்: “அங்க மழையா? வெயில் வர்ற வரைக்கும் தொடாதீங்க, அப்புறம் தின்னர் ஒரு தடவ தெளிச்சா சரியாயிரும். கார் நல்லா வந்திருக்கு.”