ஆற்றில் விட்ட படம்

இங்கே நான் எழுதுவனவற்றுள் சரிபார்க்கப்படாத செய்தி எதுவும் இராது. நான் ஆசிரியனாகப் பணியாற்றிய ரப்பர்த் தோட்டம் இன்று முழுவதும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. அங்கிருந்து பிரிந்துபோன குடும்பங்களின் படங்களைத் திரட்டி வன்தட்டில் சேர்த்துவருகிறேன். அவ்வேலையில் எனக்கு ஒரு விதி உண்டு. படத்தில் இருப்பவர் இன்னார் என்று பின்புறத்தில் எழுதியிருக்க வேண்டும். அன்றேல், ஒருவரையொருவர் கேளாமல் இருவர் ஒன்றையே சொல்ல வேண்டும். அன்பின் மிகுதியால் மனிதர்கள் நினைவில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆயினும் பின்னால் வருபவர்கள் அதை மெய்யென்றே எடுத்துக்கொள்வார்கள்.

சென்ற ஆண்டு, அத்தோட்டத்தில் பிறந்து இப்போது ஈப்போவில் ஒரு சலவைக் கூடத்தில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பால்குடி மறவாத வயதில் தாயை இழந்தவர். தாய்க்கென்று தனிப்படம் கிடையாது. தோட்டத்துக் கோயிலின் கூரையை மாற்றிய நாளில் எடுத்த கூட்டுப்படம் ஒன்றில் மட்டும் அவர் நிற்கிறார். தம் மகளின் திருமணத்துக்கு முன், இறந்தவர்களுக்குப் படையல் இடும்போது அம்மாவின் முகத்தைப் பெரிதாக அச்சிட்டு வைக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை.

"அண்ணன் மக போன்ல எடுத்து, நல்லா கிளியரா ஆக்கிக் குடுத்திருக்கா சார். பாருங்க, நேத்து எடுத்த மாதிரி இருக்கு."

கணினித் திரையில் படத்தை விரித்தேன். தெளிவுக்குக் குறைவில்லை. ஆனால் வெயிலில் உழைத்த பெண்கள் அனைவருக்கும் ஒரே வகையான வழுவழுப்பான கன்னம், ஒரே கண்கள். பின்னால் இருந்த கோயிற் பலகையைப் பெரிதாக்கினேன். அதில் எழுத்துகள் இருந்தன. ஆனால் அவை தமிழும் அல்ல, எந்த மொழியின் எழுத்தும் அல்ல. கைப்பேசிச் செயலி, தனக்குத் தெரியாத இடங்களையெல்லாம் தானே வரைந்து நிரப்பியிருந்தது.

சொல்லத் தயங்கினேன், சொல்லிவிட்டேன். அவர் பலகையையே நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இந்த மொகம்?"

"அதுவும் அப்படித்தானம்மா. மூலப்படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்."

உடனே தெலுக் இந்தானில் இருக்கும் அண்ணனை அழைத்தார். எனக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார்.

"அண்ணே, அம்மா இருக்கிற பழைய படம் எங்க?"

"அதுவா? ஆத்துல விட்டாச்சுலா. கண்ணாடி ஒடஞ்சி போச்சி. ஒடஞ்ச படத்த வீட்டுல வைக்கலாமா? அதான் புதுசு வந்திருச்சில்ல."

"ஆத்துலயா!"

"சும்மா தூக்கிப் போடல. சாமி படம் மாதிரி மஞ்சத் துணியில சுத்தி, சூடம் காட்டித்தான் விட்டேன்."

"அம்மாவ ரெண்டாவது தடவயும் கரைச்சிட்டு வந்திருக்க. நல்லா இருக்குண்ணே."

பிறகு இவரே குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீ பெரியவன்தானே. புதுப்படம் அம்மா மாதிரி இருக்கா?"

"ரெண்டாவது வரிசயில ஓரமா நிக்கிறதுதான் அம்மான்னு அப்பா சொன்னாரு. மொகம்... அந்தப் படத்த பாத்துப் பாத்துத்தானே எனக்கே ஞாபகம்."

அண்ணன் மகள் மூலப்படத்தைத் தன் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டிருந்தாள். எனினும், திருத்துவதற்கு முன் தோட்டத்தார் கைப்பேசியில் செய்தி பகிர்ந்துகொள்ளும் புலனக் குழுவில் அதைப் போட்டதாகச் சொன்னாள். காலை வணக்கம் சொல்லி வரும் பூப்படங்களுக்கு அஞ்சி நான் அக்குழுவில் சேரவில்லை; சேர்ந்திருந்தவர்களோ இடம் போதாமல் எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். ஒருவர் மட்டும் அழிக்கவில்லை என்று தெரிந்தது. அவர் காம்பாரில் உணவகம் நடத்தும் இஸ்லாமியப் பெரியவர். அவருடைய தந்தை தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். நானும் அந்தப் பெண்மணியும் காம்பாருக்குப் போனோம்.

"உங்க ஆளுங்க அனுப்புற ரோசாப்பூவ எல்லாம் அழிக்க எனக்கு மனசு வரல தங்கச்சி. போன் ஆமை மாதிரி போவுது. எம்மவன் தெனமும் ஏசுறான்" என்று சிரித்தார். தேநீர் ஆறும்வரை பூக்களையும் விளக்குகளையும் விரலால் தள்ளிக்கொண்டே போனார். "இந்தா, இதா பாரு."

சிறிய, மங்கிய படம். உடைந்த கண்ணாடியின் கோடு குறுக்கே ஓடியது. இந்தப் பெண்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையமர்த்திவிட்டு, அவருடைய அம்மா இதில் யார் என்று பெரியவரைக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தவர், இரண்டாம் வரிசையின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இவங்கதான். எல்லாரும் தலத்துணிய பின்னால முடிவாங்க. இவங்க மட்டும் காதுகிட்ட முடிவாங்க. எங்கத்தா கடையில பாத்திருக்கேன்."

"மொகம் எப்படிண்ணே இருக்கும்?"

அவர் விரலை எடுத்துக்கொண்டார். "மொகம் ஞாபகம் இல்லம்மா. வாய்க்கு வந்தத சொல்லலாம். சொல்லக்கூடாது."

காதோரத்து முடிச்சு தெரிந்தது. முகமோ சாம்பல் நிறப் புள்ளிகளின் திரள். அதன் மேலேயே கண்ணாடியின் விரிசல் விழுந்திருந்தது. செயலி வரைந்த படத்தில் அந்த முடிச்சே இல்லை. அங்கே கூந்தல் இருந்தது.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் கோப்பெங் ஊரைக் கடந்தபின், "தெளிவா இருக்கிறத வச்சா, நாளைக்கு என் பேரப்புள்ளைங்க அதத்தான் கும்புடும். அது யாரோ ஒருத்தி சார்" என்றார். "மங்கலா இருந்தாலும் இதுதான் அம்மா நின்ன எடம்."

படையலில் கூட்டுப்படம் முழுவதையும் வைத்தார். மேலும் மங்காமல் அச்சாகும் அளவில், உள்ளங்கை அகலத்துக்கு. அண்ணன் வந்து முதலில் சூடம் காட்டினார். வன்தட்டில் இரண்டு படங்களையும் சேர்த்தேன். தெளிவானதன் கோப்புப் பெயரிலேயே 'செயலி வரைந்தது' என்று குறித்துவைத்தேன்.

இரண்டாம் வரிசையின் ஓரத்தில் நிற்பவர் அவருடைய தாய் என்பது உறுதி. படத்தை எடுத்தவர் யார், அது எந்த ஆண்டு என்பன தெரியவில்லை. அத்தாயின் முகம் எப்படி இருந்தது என்பதும் தெரியவில்லை.