துண்டு மூடிய திரை

கணினித் திரையின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு வேலை செய்த ஒருவரை என் வாழ்நாளில் மலாக்காவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நீலக் கரை போட்ட வெள்ளைத் துண்டு அது. பஸ்ஸில் வரும்போது கழுத்து வியர்வையைத் துடைக்க வைத்திருப்பது. அதை உதறி, இரண்டாக மடித்து, திரையின் தலையில் தொங்கவிடுவார். இடது பக்கம் தாளை நிறுத்தி வைப்பார். பிறகு பத்து விரல்களும் தகரக் கூரையில் மழை விழுவது போல விழும். முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது தெரிந்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று, காரணம் நானாகவே இருந்ததால்.

டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆபிஸில் பதினேழு வருடம் டைப் அடித்தவர். தோட்டம் கைமாறியதும் ஆபிஸை மூடிவிட்டார்கள். கணக்கெழுதும் கிராணிமார்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட, அக்கா எங்கள் ஆபிஸுக்கு வந்தார். தோட்டத்து வீட்டையும் வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குறைந்த விலை வீடு ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தார். வேலை நிரந்தரமாகிவிட்டது என்ற கடிதம் இருந்தால்தான் பேங்கில் வீட்டுக் கடன் மனுவையே வாங்குவார்கள். எங்கள் முதலாளியோ மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் கடிதம் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த மூன்று மாதத்தில்தான் அக்காவின் வீடு இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஹோட்டல்காரர்களிலிருந்து தொதோல் அல்வா விற்கிறவர்கள் வரை எல்லாருக்கும் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வேண்டியிருந்த காலம். துணிக்கடைக்கு மேல் மாடியில் மூன்று மேசைகளைப் போட்டு முதலாளி தொழிலைத் தொடங்கியிருந்தார். கோலாலம்பூரில் கணினிப் படிப்பு முடித்துவிட்டு வந்த நான் அந்த ஆபிஸின் மூளை. மற்றவர்கள் அப்படிச் சொன்னார்களோ இல்லையோ, நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதிரிப் பக்கம் ஒன்றைக் கட்டளைகளோடு தாளில் அச்சடித்துக் கொடுப்பேன். அதைப் பார்த்து, வாடிக்கையாளர் தந்த விவரங்களைச் சேர்த்து, மீதிப் பக்கங்களை அக்கா அடிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் கட்டளைகளை எழுத எடிட்டர் என்ற புது மென்பொருள் ஒன்று வந்தது. அதில் ஆட்டோ கம்ப்ளீட் என்றொரு வசதி. இணையப் பக்கத்தில் எந்தக் கட்டளையைத் திறந்தாலும் அதை மூடும் கட்டளையையும் எழுத வேண்டும், பெட்டியைத் திறந்தால் மூடுவது போல. நீங்கள் திறந்ததுமே மூடும் கட்டளையை இந்த எடிட்டர் தானே எழுதிவிடும். சற்று யோசித்து நின்றால் அடுத்து வரக்கூடிய சொற்களைப் பட்டியலாகத் தொங்கவிடும், என்டர் தட்டினால் முதல் சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவரையும் கேட்காமல் மூன்று மெஷினிலும் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு, இனிமேல் வேலை பாதிதான் என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஹோட்டல் பக்கங்கள் குலைந்தன. அறைகளின் படங்கள் ஒரு மூலையிலும் விவரங்கள் இன்னொரு மூலையிலும் கிடந்தன. எல்லாம் அக்கா அடித்த பக்கங்கள். பள்ளி விடுமுறைக்கு முன் பக்கங்கள் ஏற வேண்டும் என்று ஹோட்டலிலிருந்து தினமும் போன் வந்தது. தோட்டத்து ஆபிஸ் வேலை வேறு, இது வேறு போலிருக்கிறது என்று முதலாளி என்னிடம் மெதுவாகச் சொன்னார். அக்காவின் மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அட்டவணையை மூடும் கட்டளை இரண்டு முறை இருந்தது. ஒன்று எடிட்டர் போட்டது, இன்னொன்று அக்கா அடித்தது. அட்டவணைக்குள் அட்டவணையாகக் கட்டிய பக்கம் என்பதால், உபரியாக வந்தது வெளி அட்டவணையையும் மூடிவிட்டது. அக்கா திரையைப் பார்ப்பதில்லை. கண் தாளை விட்டு அகலக் கூடாது என்று டைப்பிங் வகுப்பில் பழகிய விரல்கள் அவருடையவை. தாளில் உள்ளதைப் பிசகில்லாமல் அடித்தார். பிசகு நான் முடுக்கிவிட்ட வசதியில் இருந்தது. இது எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லத்தான் மனம் வரவில்லை. சொன்னால் ஆபிஸின் மூளை என்னாவது? அதனால் அக்காவிடம் போய், "கொஞ்சம் ஸ்கிரீன பாத்து அடிங்கக்கா" என்றேன். இன்றும் நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா திரையைப் பார்த்து அடிக்க முயன்றார். வேகம் பாதியாகக் குறைந்தது. தாளைத் திருப்ப ஒரு நொடி நின்றால் பட்டியல் தொங்கியது, கேட்காத சொல் உள்ளே விழுந்தது. இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் காலையில் துண்டு திரைக்குப் போய்விட்டது. என்ன இது என்று முதலாளி கேட்டதற்கு, தப்பு எங்கே வருகிறது என்று பார்க்கப் போவதாகச் சொன்னார். பார்க்கிறவர் திரையை மூடுவாரா என்று முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகத் துணிக்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன்.

அக்கா ஒரு முழுப் பக்கத்தை மூடிய திரையில் அடித்து, கட்டளைகளோடு தாளில் அச்செடுத்தார். தோட்டத்தில் துரைக்குப் போகும் கடிதத்தைச் சரிபார்ப்பது போல நான் கொடுத்த தாளையும் அச்செடுத்த தாளையும் அருகருகே வைத்து, வரிக்கு வரி அடிக்கோலை நகர்த்தினார். உபரியாக இருந்ததையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தார். ஒரு திறப்புக்கூட விடுபடவில்லை, ஒவ்வொன்றும் இரண்டு முறை மூடியிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மனுசன் தப்பு பண்ணா ஒரு எடத்துல விடுவான், ஒரு எடத்துல புடிச்சிக்குவான் தங்கச்சி. இது ஒரு எடம் பாக்கியில்லாம விழுந்திருக்கு. நான் அடிக்கிறப்ப உள்ள வேற யாரு எழுதுறா?"

குரலில் கோபம் இல்லை. பதில் தெரியாமல் நகர மாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், மூன்று நாளாகத் தெரிந்திருந்தும் மூடி மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வசதியெல்லாம் எங்கே இருக்கிறது, திறந்து காட்டு என்றார்.

செட்டிங்ஸ் பெட்டியில் இருந்த ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பொருள் சொல்ல வைத்தார். சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். தானாக மூடுவதை முதலில் எடுக்கச் சொன்னார். எல்லாவற்றையுமே நிறுத்திவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நிறங்களின் பெயர்களும் அளவுகளும் அவருக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை, பட்டியல் உதவும். எத்தனை நேரம் கழித்துப் பட்டியல் தொங்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் இருந்தது. தாளைத் திருப்பி வரியைப் பிடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொன்னார். இரண்டு நொடி. மூன்று என்று போட்டுப் பார்த்தோம். பிறகு அதுவும் வேண்டாம் என்று, விசை ஒன்றைத் தட்டினால் மட்டும் வரும்படி மாற்றச் சொன்னார்.

"நான் கேட்டா வரட்டும். கேக்காம வர வேணாம்."

மொதலாளிகிட்ட நீயே சொல்லிடு என்று மட்டும் எழுந்து போகும்போது சொன்னார். மறுநாள் காலை முதலாளி முன் நின்று, மென்பொருளில் சின்னக் கோளாறு என்று ஆரம்பித்தேன். அடுத்த மேசையில் டைப் சத்தம் நின்றது. அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை. சத்தம் நின்றதே போதுமாக இருந்தது. கோளாறு என்னுடையது, அக்காவுடையது இல்லை, தெரிந்தும் மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன் என்று முடித்தேன். சத்தம் மறுபடி கேட்டது. முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் பக்கங்கள் வேண்டும் என்றார். நானும் அக்காவும் மதியம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மேசையிலேயே பிரித்துத் தின்றுகொண்டு பக்கம் பக்கமாகத் திருத்தினோம். வியாழக்கிழமை மாலையே முடிந்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்த அன்று முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, எழுதிக்கொள்ளும்படி ஒரு கடிதத்தைச் சொன்னார். அக்கா சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டு வந்து, திரைமேல் துண்டைப் போட்டு, வழக்கமான வேகத்தில் அடித்தார். அச்செடுத்து, அடிக்கோல் வைத்துச் சரிபார்த்து, கையெழுத்துக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோதுதான் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அது அவருடைய வேலையை நிரந்தரமாக்கிய கடிதம். ஆபிஸில் டைப்பிஸ்ட் வேறு யார் இருக்கிறார்கள்?

இப்போது எனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். எடிட்டர் இன்று ஒரு சொல்லோடு நிற்பதில்லை, நான் நினைக்கும் முன்பே பத்து வரியைச் சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டுகிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், அது தன் யோசனையைக் கலைக்கிறது என்று வந்து சொன்னார். பழகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் துண்டு கண்முன் வந்து நின்றது. புதியவரின் மெஷினில் செட்டிங்ஸைத் திறந்து, கேட்டால் மட்டும் வரும்படி மாற்றிக் கொடுத்தேன்.

பிறகு என் மேசைக்கு வந்து, என் எடிட்டரில் இருந்த எல்லா வசதிகளையும் நிறுத்தினேன். துப்பட்டாவை எடுத்துத் திரையின்மேல் போட்டேன். சின்ன அட்டவணை ஒன்றை அடித்தேன், நான்கு வரிசை, மூன்று கட்டம். துணியைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றையும் திறந்திருந்தேன். ஒன்றைக்கூட மூடவில்லை. என் விரல்கள் மூட மறந்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

அழித்தேன். துப்பட்டாவை மறுபடி இழுத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தேன்.