நிலாக் காலத்துக் குளிசை

போன வாரம் அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தது. மறுநாள் காலை அம்மா ஒரு பையை நீட்டினார். உள்ளே அப்பாவின் கொலஸ்ட்ரோல் குளிசைகள்.

"கிளினிக்கில குடுத்திட்டு வா மனே. ஆருக்காவது உதவும்."

மருந்து கொடுக்கும் மிஸ் பையைத் திறந்து பார்த்தார். முகம் மாறியது. "இத நாங்க திருப்பி எடுக்க ஏலா தம்பி. அது கிடக்கட்டும்... இவர் குளிசை போடவே இல்லையா? அரைவாசிக்கு மேல அப்படியே கிடக்கே!"

எனக்குக் கோபம் வந்தது. அப்பா மீதுதான். மெலிந்த உடம்பு, வாவியில் தோணி வலிக்கிற கை. "கொலஸ்ட்ரோல் எல்லாம் கதிரையில இருந்து வேலை செய்யிற ஆக்களுக்கு" என்று ரிப்போர்ட் வந்த அன்று சிரித்தவர்தானே? கடைசியில் கரையில் தோணியை இழுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன்.

"ஏன் மனே அவரை ஏசுறாய்? நிலாக் காலத்தில வீட்டில படுக்கிற நாளெல்லாம் ஒழுங்காப் போட்டவரே. மத்த நாள் ராவில அவர் வீட்டில எங்க இருந்தவர்?"

பையிலிருந்து குளிசைக் கவரை எடுத்துப் பார்த்தேன்.

நிலவில்லாத இரவுகளில்தான் வலையில் இறால் படும். மாலையில் தோணி ஏறினால் விடியத்தான் கரை. அப்பாவின் இரவு எங்கள் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். ஆனால் குளிசைக் கவரில் என்ன இருந்தது? 'இரவில் ஒன்று'. அதை வாசித்துச் சொன்னது யார்? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்த நான்.

அப்பா அன்றே கேட்டார் — "தோணியில கொண்டு போனா நனைஞ்சு போகும். விடியக் கரைக்கு வந்து படுக்கக்குள்ள போட்டாச் சரியில்லையா மனே?"

"எழுதிக் கிடக்கிறபடிதான் போடணும் அப்பா. பகல்ல போடக் கூடா."

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன்! மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? ஏறாவூரில் கடை வைத்திருப்பவருக்கும், கந்தோரில் மேசை வேலை செய்கிறவருக்கும், வாவியில் விடிய விடிய வலை போடுகிறவருக்கும் அதே கவர், அதே இரண்டு சொற்கள். இந்த மனிதர் எப்போது படுக்கிறார் என்று யாருமே கேட்பதில்லை... மகன் உட்பட.

ஒழுங்காகப் போட்டிருந்தால் இருந்திருப்பாரா? டொக்டராலும் சொல்ல முடியாதாம். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

பின்னேரம் துறைக்குப் போனேன். அப்பாவோடு ஒரே தோணியில் போன சீனி மாமா வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே குளிசை. எப்போது போடுகிறார் என்று கேட்டேன்.

"நிலாக் காலத்தில மட்டும்தான் மருமகன். பகல்ல போட்டாப் பிழையாமே! உங்கட அப்பாதான் துறையில எல்லாருக்கும் சொன்னவர் — எண்ட மகன் வாசிச்சுச் சொன்னவன் எண்டு."

நான் சொன்னது பிழை மாமா, செவ்வாய்க்கிழமை எல்லாரும் கிளினிக்குக்கு வாங்க, எந்த நேரம் போடுவது என்று மிஸ்ஸிடமே கேட்போம் என்றேன்.

மாமா சிரித்தார். "ஆரு, நீ பிழையாச் சொன்னியா? சும்மா போ மருமகன்!"

அப்பா என்னைப் பற்றிப் பேசிய பெருமையையெல்லாம் இனி ஒவ்வொரு தோணியாகப் போய்த் திருப்பி வாங்க வேண்டும்.