உப்புப் பார்க்காத கை

வேலை சிதம்பரத்தில், வீடு கடலூரில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்குப் பெருமாள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று அர்த்தம். பள்ளிக்கூட அலுவலகத்தில் நாள் முழுக்கப் பெற்றோர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது எனக்கு யாரோடும் பேசப் பிடிக்காது. ஆனால் செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் எங்கள் சண்டை காத்துக்கொண்டிருக்கும்.

போன வருஷக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குக் குடலில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை போய்ப் படுத்து மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏற்றிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஆள் சாப்பிட மாட்டார். இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட் போட ஆரம்பித்தார். பெல்ட்டிலும் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எடை இன்னும் கொறஞ்சா அடுத்த மருந்து ஏத்த முடியாதும்மா. நடுவுல நிறுத்துனா இவ்வளோ பட்டதுக்கும் பலன் இல்லாம போயிடும். எப்படியாவது சாப்புட வைங்க."

எப்படியாவது! சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ரசம் வைத்தால் "உப்பு இல்ல" என்பார். சாம்பார் வைத்தால் "உப்பு இல்ல." வஞ்சிர மீன் வாங்கி, எனக்கு ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ளாமல் முழுக்க அவருக்கே குழம்பு வைத்தால், ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவார். "என்னாடி இது, அட்டப்பொட்டியத் திங்கற மாதிரி இருக்கு. உன் கை போயிடுச்சு."

எனக்குச் சுரீர் என்று ஏறும். "என் கை எங்கயும் போவல மாமா. உங்க நாக்குதான் போயிடுச்சு. டாக்டரம்மா சொன்னாங்கல்ல, மருந்துக்கு நாக்கு மரத்துப்போவும்னு?"

"என் நாக்கு நல்லாத்தான் இருக்கு. மரத்துப்போறதெல்லாம் மத்தவங்களுக்கு."

அவர் என் அத்தை மகன். சின்ன வயதிலிருந்து மாமா என்றே கூப்பிட்டுப் பழக்கம். பிடிவாதம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே வீட்டுச் சொத்து. கீழ் வீட்டு அம்மாவுக்கு ஒருநாள் அதே ரசத்தைக் கிண்ணத்தில் கொடுத்தேன். கோயிலுக்குப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்றபடியே குடித்துவிட்டு, "சரியாத்தான இருக்கு, ஏன் கேக்குற?" என்றார். மேலே வந்து இவரிடம் சொன்னேன். "அவுங்க உனக்கு சப்போர்ட்டு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவருக்கு என் கைமேல் சந்தேகம் வருவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. என் பிறந்த வீடு காட்டுமன்னார்கோயில் பக்கம். எங்கள் வீட்டில் சமைக்கிறவள் சமைத்ததை வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள். சாமிக்கு ஒரு கரண்டி வைத்து, வீட்டில் உள்ளவர்களுக்குப் பரிமாறி, அவர்கள் கை நனைத்த பிறகுதான் அவள் வாய்க்குப் போகும். அதற்கு முன்னால் வைத்தால் எச்சில். அப்படித்தான் வளர்ந்தேன், அப்படித்தான் இத்தனை வருஷம் சமைத்தேன். உப்பு என் கையில் இருக்கிறது. கொதிக்கிற வாசனையிலேயே கூடுதலா குறைவா என்று தெரிந்துவிடும்.

அவரோ பயணிகள் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் ஸ்பூன் வைத்திருப்பார்களாம். நிமிஷத்துக்கு ஒருமுறை ருசி பார்ப்பார்களாம். லீவில் வரும்போதெல்லாம் என்னைக் கிண்டல் செய்வார். "ருசி பாக்காம சமைக்கிறது, கண்ண மூடிக்கிட்டு பஸ் ஓட்டற மாதிரிடி."

"உங்க கப்பல்ல சாமி கெடையாது. என் அடுப்புல உண்டு. போங்க வேலையப் பாத்துக்கிட்டு" என்பேன். அப்போது அது விளையாட்டு. இப்போது அதுவே வினையாகிவிட்டது. மூன்று மாதமாக எங்கள் வீட்டில் போனது என் கையா, அவர் நாக்கா என்பதுதான் பேச்சு.

அந்த நேரத்தில் அவருடைய தேவனாம்பட்டினத்து நண்பர் லீவில் வந்தார். கப்பலில் இவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர். கற்றுக்கொடுத்தவர் என்ற மரியாதை வேறு, மச்சான் என்கிற உறவு வேறு. போனில் என்னிடம் பேசினார். "தங்கச்சி, மச்சானுக்கு என்னா வேணும்? என்னா திம்பாரு?" எனக்கு அன்றைக்கு இருந்த அலுப்பில், "எதையும் திங்கறதில்ல அண்ணே, என் உசுரத்தான் திங்கறாரு" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே தன் பையனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். வெள்ளையாக, தண்ணீரில் ஊறியபடி, பிளாஸ்டிக் உறையில் ஒரு பாளம் சீஸ்.

இவர் அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். பல வாரத்தில் தானாக எழுந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கிரீஸ், துருக்கி என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிய கப்பலில் இவருக்கு அதுதான் வேலை: சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கிற மொறுமொறு சாமான்கள். காகிதம்போன்ற மாவுத்தாளில் இந்தச் சீஸையும் கீரையையும் வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. பொரேக் என்று ஏதோ ஒரு பேர் சொல்வார். "பசி எடுக்கறதுக்காகத் திங்கறது" என்று அவர் முதன்முதலில் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பசி எடுக்கத் தின்பார்களாமே! நம் ஊரில் பசிக்கா பஞ்சம்? இப்போது அந்தப் பசிக்குத்தான் எங்கள் வீட்டில் பஞ்சம்.

"மாவுத்தாளுக்கு எங்க போறது?" என்றேன்.

"சமோசா ஷீட்டு போதும்டி. பழைய டவுன்ல பாய் கடைல இருக்கும். அவனையும் சனிக்கெழம வரச் சொல்லு. மூணு பேரா திம்போம்."

மூணு பேரா திம்போம் என்று அவர் சொன்னதை நான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அரை நாள். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வீங்கிப்போயிருந்தது. ஷீட்டை முந்தின நாளே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். இவர் கட்டிலில் படுத்தபடியே சமையலறையைப் பார்த்துக் கட்டளை போட்டார். பெரிய மகாராஜா.

"ஷீட்டு மேல ஈரத்துணி போட்டு மூடி வையி, காஞ்சா ஒடஞ்சிடும். கீரைய வதக்கித் துணில கட்டிப் பிழி. தண்ணி இருந்துச்சுன்னா மொறுமொறுப்பு வராது. சீஸ உதுத்து விடு. புதினா, மிளகு. முந்திரி இருந்தா ஒடச்சிப் போடு, அது அங்க கெடையாது, நம்ம ஊருக்காக."

பண்ருட்டி முந்திரி டப்பாவில் அடியில் கொஞ்சம் கிடந்தது. உடைத்துப் போட்டேன். "அப்பறம்?" என்றேன். எட்டிப் பார்த்தால் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். மருந்து அவரை அப்படித்தான் பாதிப் பேச்சில் இழுத்துக்கொண்டு போகும். எழுப்ப மனசு வரவில்லை.

சீஸ் பார்வைக்குப் பன்னீர்போலவே இருந்தது. பன்னீரை எனக்குத் தெரியும். உப்புப் போடாவிட்டால் மண். ஊறியிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கீரைக்கும் சீஸுக்கும் சேர்த்துக் கை அளவு உப்புப் போட்டேன். அப்புறம் மூன்று மாதத்து 'உப்பு இல்ல' எல்லாம் காதில் ஒலித்தது. இந்தா, வாங்கிக்கோ என்று இன்னொரு தரம் அள்ளிப் போட்டேன். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு துணுக்கு எடுத்து நாக்கில் வைத்திருப்பார்கள். என் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஷீட்டின் ஓரத்தில் பூரணத்தை நீளமாக வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, பீடி சுற்றுவதுபோலச் சுருட்டி, மைதாப் பசையால் ஒட்டினேன். முதலாவது எண்ணெயில் வாய் பிளந்து எல்லாவற்றையும் கக்கிவிட்டது. ஓரத்தைச் சரியாக மடிக்கவில்லை. இரண்டாவதிலிருந்து ஒழுங்காக வந்தன. பொன்னிறமாகச் சிவந்து, கரண்டியால் தட்டினால் கலகலவென்று சத்தம். கெட்டித் தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் துருவித் தொட்டுக்கொள்ள வைத்தேன். நண்பர் வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தத்தில் இவர் விழித்துக்கொண்டார்.

தட்டை நடுவில் வைத்தேன். இவர் ஒன்றை எடுத்தார். கடித்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. கண்ணை மூடி மென்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதான்டி உப்பு!" என்றார். "இன்னைக்குத்தான் உன் கை திரும்பி வந்திருக்கு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாவதை அவரே கை நீட்டி எடுத்தாரே, அது போதாதா? கை போனதென்றால் போகட்டும், வந்ததென்றால் வரட்டும். தின்கிறார், சாமி, தின்கிறார்.

நண்பர் மெதுவாக மென்றுகொண்டிருந்தார். செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். "சூப்பர் தங்கச்சி" என்றார். மறுபடியும் தண்ணீர் குடித்தார். கையில் பாதி அப்படியே இருந்தது. இவர் மெல்வதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"என்னடா, தண்ணியாக் குடிக்கிற?"

"வெயில்ல வந்தேன் மச்சான்."

"டேய். உன் மூஞ்சிய நான் இன்னைக்கா பாக்குறேன்? உப்பா?"

நண்பர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். "கொஞ்சம் ஜாஸ்தி மச்சான். அந்தச் சீஸே உப்புத்தண்ணில கெடக்கறதுல்ல..."

"கொஞ்சமா?"

நண்பர் மறுபடியும் செம்பை எடுத்தார். இவர் தட்டை என் பக்கம் தள்ளினார். "நீ தின்னு."

"நீங்க ரெண்டு பேரும் மொதல்ல சாப்ட்டு முடிங்க."

"தின்னுடி."

எடுத்துக் கடித்தேன். மொறுமொறுப்பு நன்றாகத்தான் வந்திருந்தது. அதற்குப் பின்னாலேயே உப்பு வந்தது. கடலில் குளிக்கும்போது அலை வாய்க்குள் புகுந்ததுபோல இருந்தது. வாயில் இருந்தது தொண்டையில் இறங்க மறுத்தது. மனுஷன் தின்கிற சாமானே இல்லை. இதைத்தான் சரியான உப்பு என்றார். அப்படியானால் என் ரசம், என் சாம்பார், அந்த வஞ்சிரக் குழம்பு எல்லாம் இந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நான் மூன்று மாதமாக அவருக்குக் குப்பையைத்தான் தட்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதைத் தின்னவில்லை என்று திட்டியும் இருக்கிறேன்.

சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். போனது கை இல்லை, நாக்குதான். இதை அவர் வாயால் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்று எத்தனை நாள் பஸ்ஸில் நின்றபடி மனசுக்குள் வாதாடியிருப்பேன். இப்போது அந்த ஜெயம் எனக்கு வேண்டவே வேண்டாம் என்று இருந்தது. தோற்றுப்போயிருக்கக் கூடாதா நான்! பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பேர் தின்பதைப் பார்த்த சமையல்காரர். அவரிடம் எந்தப் பொய் செல்லும்?

விழுங்கினேன். "உப்புதான் மாமா" என்றேன்.

நண்பர் போன் வந்ததுபோல எழுந்து வெளியே போனார். போன் எதுவும் அடிக்கவில்லை.

இவர் கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப உன் கை நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். அதைச் சொல்லிவிட்டு மீதியை வாயில் போட்டுக்கொண்டார். தரையில் உட்கார்ந்துவிட்டேன். கால் வலியோ, அலுப்போ, எதுவோ, அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. உள்ள எறங்குதுல்ல? எடை பாக்கற தராசுக்கு ருசியா தெரியும்?" இன்னொன்றை எடுத்தார். கடிக்காமல் வைத்திருந்தார். "ஆனா ஒண்ணு. இனிமே நீ வாயில வச்சுப் பாத்துட்டு எனக்குச் சொல்லணும். எப்படி இருக்குன்னு. புளிப்பு, காரம், எல்லாத்தையும். அதக் கேட்டுக்கிட்டே தின்னுடறேன்."

தயிர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். அவர் இன்னும் அதைத் தொட்டிருக்கவில்லை. நான் விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

"சொல்லு."

"புளிப்பு" என்றேன். "பூண்டு கொஞ்சம் தூக்கலா இருக்கு. வெள்ளரி பிஞ்சுதான் மாமா. லேசா இனிக்குது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே தயிரில் தோய்த்து, கடித்தார்.